எல்லா வீட்டு இணையத்துக்கும் கட்டாய வடிகட்டி கேட்கும் மனுவில் நான் கையெழுத்துப் போடலாமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன். எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக் கடையில் அவருக்கு வேலை. வீடு திரும்ப இரவு ஒன்பதரை ஆகிவிடுகிறது. கணவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார்; எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசை நீண்டுவிட்டால் வீட்டுப் பக்கமே வர முடியாது. மகன் ஒன்பதாம் வகுப்பு, மகள் பிளஸ் டூ. மகனிடம் அப்பாவின் பழைய போன் இருக்கிறது. ஒருநாள் அதில் அவனுடைய வகுப்பு வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தபோது, பள்ளிச் சீருடை அணிந்த ஒரு பெண்ணின் ஆபாச வீடியோ இருந்திருக்கிறது. “எல்லாருக்கும் வந்துச்சும்மா, நான் கேக்கல” என்று பையன் அழுதிருக்கிறான்.

அதே வாரத்தில் தெரு நலச்சங்கத்தார் ஒரு மனுவோடு வந்திருக்கிறார்கள். ஆபாசத் தளங்களை அடைக்கும் வடிகட்டியை ஒவ்வொரு இணைய இணைப்பிலும் சட்டப்படி கட்டாயமாக்க வேண்டும், யாருக்கும் விலக்குக் கூடாது என்பது முதல் கோரிக்கை; சமூக ஊடகக் கணக்குத் தொடங்க ஆதார் எண் கேட்க வேண்டும் என்பது இரண்டாவது; நம் இணையப் போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாக மறைத்து அனுப்பும் வி.பி.என். செயலிகளைத் தடைசெய்ய வேண்டும் என்பது மூன்றாவது. மனு போய்ச் சேருவதற்கு முன்பே, சங்கம் கேட்டுக்கொண்டபடி, தெருவுக்கு பிராட்பேண்ட் தரும் கேபிள்காரர் எல்லா இணைப்பிலும் ஏதோ ஒரு வடிகட்டியைப் போட்டுவிட்டார். மகள் தன் மாதவிடாய்க் கோளாறு பற்றிப் படித்துக்கொண்டிருந்த மருத்துவத் தளம் மறுநாள் திறக்கவில்லை. எதிர் வீட்டில் நைட்டியும் உள்ளாடையும் மொத்த விலைக்கு வாங்கி விற்கும் பெண்ணுக்கு, சரக்கு ஆர்டர் போடும் தளம் திறக்கவில்லை. மகனோ வைஃபையை அணைத்துவிட்டு, சிம்மில் இருக்கும் டேட்டாவில் வழக்கம்போல் இருக்கிறான். “பிள்ளைங்களுக்காகத்தானே செய்றோம், இதுல என்ன சுதந்திரம் கெட்டுப்போச்சு?” என்கிறார் சங்கச் செயலாளர். “நான் என்ன படிக்கணும்னு தெருவே முடிவு பண்ணுமா?” என்கிறாள் மகள்.

கையெழுத்துப் போடலாமா, அரசு ஏன் ஒன்றுமே செய்வதில்லை, கணவர் சொல்வதுபோல் வி.பி.என். வைத்திருந்தால் குற்றமா, மகளின் போனில் அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்புச் செயலி போடலாமா என்பவை அவருடைய கேள்விகள். ஆதாரத்துக்காக அந்த வீடியோவைத் தன் போனுக்கு அனுப்பி வைத்திருப்பதாகவும், வகுப்பு ஆசிரியையிடமும் சங்கச் செயலாளரிடமும் அதைக் காட்டப்போவதாகவும் கடிதத்தின் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

மனு இப்போது இருக்கும் வடிவத்தில் அதில் கையெழுத்திட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. உங்கள் கவலை நியாயமானது. மனு கேட்கும் மருந்து அந்த நோய்க்கானது அல்ல. அதற்கான காரணங்களைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தக் கடைசி வரியைப் பேசியாக வேண்டும், ஏனெனில் அதில்தான் உங்களுக்கு உடனடி ஆபத்து இருக்கிறது.

அந்த வீடியோவை யாருக்கும் காட்டாதீர்கள்

நல்ல எண்ணத்தில்தான் உங்கள் போனுக்கு அனுப்பினீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில் என்னைப் பார்க்க வரும் பெற்றோர் பலரும் பதற்றத்தில் இதையேதான் செய்திருக்கிறார்கள். சட்டத்தின் பார்வை வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவின்படி, 18 வயதுக்கு உட்பட்டவரை ஆபாசமாகக் காட்டும் பதிவை வெளியிடுவதும் அனுப்புவதும் குற்றம். அதைத் தேடுவதும் பதிவிறக்குவதும் பரிமாறுவதும்கூடக் குற்றம். முதல் முறை தண்டிக்கப்பட்டாலே ஐந்தாண்டு வரை சிறையும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அத்தகைய பதிவை அழிக்காமலும் புகார் செய்யாமலும் பகிரும் நோக்கத்தோடு வைத்திருப்பதைப் போக்சோ சட்டத்தின் 15ஆம் பிரிவு தண்டிக்கிறது. அந்தப் பெண்ணுக்கு உண்மையில் என்ன வயது என்று நமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். பார்வைக்குக் குழந்தையாகத் தோன்றினாலே போதும் என்று 2019இல் வந்த திருத்தம் அந்த வாசலையும் அடைத்துவிட்டது.

தனியாகப் பார்த்தாலோ வைத்திருந்தாலோ குற்றமில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் சொன்னது உங்கள் காதுக்கும் வந்திருக்கலாம். அம்பத்தூர் மகளிர் காவல் நிலையத்தில் பதிவான வழக்கு அது. அந்தத் தீர்ப்பை அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஒருவர் அந்தப் பதிவை அழிக்கவும் இல்லை, புகார் செய்யவும் இல்லை என்றால், பகிரும் நோக்கம் அவருக்கு இருந்ததாகச் சூழ்நிலையைக் கொண்டு ஊகிக்கலாம் என்றும் சொன்னது. பழைய தீர்ப்பை நம்பி இன்னும் பலர் தைரியமாக இருக்கிறார்கள். நீங்கள் இருக்க வேண்டாம்.

ஆகவே ஆசிரியையிடம் வாயால் சொல்லுங்கள், திரையைக் காட்ட வேண்டாம். செயலாளரிடம் அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம். குழுவின் பெயர், வீடியோ வந்த எண், நாள், நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலோ அருகிலுள்ள அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ புகார் கொடுங்கள். அந்தத் தளத்தில் குழந்தைகள் தொடர்பான பதிவுகளைப் பெயர் சொல்லாமலும் புகார் செய்யலாம். உங்கள் விஷயத்தில் பெயர் கொடுத்துச் செய்வதே நல்லது. உங்கள் போனிலும் அந்தக் கோப்பு இருக்கிறது, எதற்காக வந்தது என்பதை நீங்களே முன்வந்து சொன்னதாகப் பதிவாக வேண்டும். அழிப்பதா, போனை ஒப்படைப்பதா என்பதைப் புகார் பெறும் அதிகாரியிடமே கேட்டு, அவர் சொன்னபடி செய்யுங்கள். புகார் செய்வது உங்கள் விருப்பத்தைப் பொறுத்த விஷயமும் அல்ல: குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது போக்சோவின் 19ஆம் பிரிவு, தெரிவிக்கத் தவறிய பெரியவருக்கு ஆறு மாதம் வரை சிறை என்கிறது 21ஆம் பிரிவு. மகன் மாட்டிக்கொள்வானோ என்ற பயத்தில்தான் தயங்குகிறீர்கள் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. கேட்காமல் குழுவில் வந்து விழுந்ததை, அம்மா கேட்டதும் மறைக்காமல் சொன்ன 14 வயதுப் பையன் அவன். அவனையே விசாரிக்க நேர்ந்தாலும் இளைஞர் நீதிச் சட்டம்தான் பொருந்தும். லாக்கப்பில் வைக்க முடியாது. அந்த வீடியோவில் இருப்பதும் யாரோ ஒருவர் வீட்டுப் பெண் என்பதால், எங்கிருந்து கிளம்பியது என்று கண்டுபிடிக்க உங்கள் புகார் உதவவும் கூடும்.

வடிகட்டி எங்கே நிற்கிறது

இப்போது மனுவுக்கு வருவோம். கேபிள்காரர் போட்டது பெரும்பாலும் பெயரை வைத்துத் தடுக்கும் வடிகட்டியாக இருக்கும். நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டியதும் அதற்குரிய எண் முகவரியைத் தேடித்தரும் சேவைக்கு டி.என்.எஸ். என்று பெயர். பட்டியலில் இருக்கும் பெயரைக் கேட்டால் அது பதில் சொல்லாது. திரையில் “தளத்தை அணுக முடியவில்லை” என்று மட்டும் வரும். யார் தடுத்தார்கள், ஏன் தடுத்தார்கள், யாரிடம் முறையிடுவது என்று எதுவும் இருக்காது. உங்கள் மகள் போனைத்தான் முதலில் சந்தேகப்பட்டு, இரண்டு முறை அணைத்துப் போட்டுப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்களே, அது இதனால்தான்.

இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பூட்டிய வழியில்தான் பக்கங்களை அனுப்புகின்றன. வழியில் நிற்கும் நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் தெரியும். உள்ளே எந்தப் பக்கம், எந்தப் படம் என்று தெரியாது. ஒரு மோசமான வீடியோவுக்காக யூடியூப் முழுவதையும் அடைக்கலாம், அல்லது முழுவதையும் விடலாம், நடுவில் ஒன்றுமில்லை. உள்ளாடை, மாதவிடாய், பாலியல் ஆரோக்கியம் போன்ற சொற்களைப் பார்த்துத் தளங்களை வகை பிரிக்கும் பட்டியல்கள் எதிர் வீட்டுப் பெண்ணின் சரக்குத் தளத்தையும் உங்கள் மகளின் மருத்துவத் தளத்தையும் ஒரே கூடையில் போட்டதும் இப்படித்தான்.

உங்களைக் கலங்கடித்த அந்த வீடியோ எந்த வழியில் வந்தது என்று யோசியுங்கள். வாட்ஸ்அப் வழியாக, வகுப்புத் தோழன் ஒருவனின் கையிலிருந்து வந்தது. வாட்ஸ்அப் செய்தி அனுப்பியவரின் போனிலிருந்து பெறுபவரின் போன் வரை பூட்டியே செல்வதால், மனுவில் கேட்கும் வடிகட்டியை நாடு முழுக்க நாளைக்கே போட்டாலும் அது அந்த வீடியோவைக் கண்டிருக்காது. தெருமுனைக் குழாயை அடைத்தால் லாரித் தண்ணீர் நின்றுவிடாது. மகன் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவுக்குப் போனதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். மொபைல் நிறுவனங்களையும் கட்டாயப்படுத்தினால் அந்த ஓட்டை அடைபடும், குழு வழியாக வருவது அடைபடாது.

“அரசு ஒன்றும் செய்யவில்லை” என்பது சரியல்ல

தளங்களை அடைக்கும் அதிகாரம் அரசுக்கு ஏற்கெனவே இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவும் 2009ஆம் ஆண்டு விதிகளும் அதற்காகவே வந்தவை. 2020 ஜூனில் டிக்டாக் உள்ளிட்ட 59 சீனச் செயலிகளை அடைத்தது அந்தப் பிரிவின்கீழ்தான். ஆயினும் அதில் சொல்லப்படும் காரணங்கள் நாட்டின் பாதுகாப்பு, இறையாண்மை, அயல்நாட்டு உறவு, பொது ஒழுங்கு போன்றவை. ஆபாசம் அந்தப் பட்டியலில் இல்லை. இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைத் தண்டித்த 66ஏ பிரிவைச் செல்லாது என்று அறிவித்த 2015 மார்ச் 24ஆம் தேதித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் 69ஏ பிரிவை நிலைநிறுத்தியதற்கு, காரணங்கள் குறுகியவை, உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், அதை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம் என்பவையே முக்கிய ஆதாரங்கள். கோரிக்கைகளையும் நடவடிக்கைகளையும் ரகசியமாக வைக்கச் சொல்லும் 16ஆம் விதி இன்னும் இருக்கிறது என்பதையும் மறந்துவிட வேண்டாம். அடைக்கப்பட்டவருக்கே ஏன் என்று தெரியாமல் போகும் நிலைமை அதனால் வருகிறது.

ஆபாசத் தளங்களை மொத்தமாக அடைத்துப் பார்த்ததும் உண்டு. 2015 ஜூலை 31 அன்று 857 தளங்களை அடைக்கச் சொல்லித் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும், குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் பதிவு இல்லாத தளங்களைத் தடுக்க வேண்டியதில்லை என்று சில நாட்களிலேயே தளர்த்தியது. அப்படிப் பிரித்துப் பார்க்கும் வேலையைத் தங்கள் தலையில் கட்டுவது எப்படி என்று இணைய நிறுவனங்கள் கேட்டன. அது நியாயமான கேள்வி. 2018இல் உத்தராகண்ட் உயர் நீதிமன்ற உத்தரவை ஒட்டி அந்தப் பட்டியலிலிருந்து 827 தளங்கள் மீண்டும் அடைக்கப்பட்டன; 30 தளங்களில் ஆபாசமே இல்லை என்று தெரிந்ததால் அவை விடப்பட்டன. ஆபாசமே இல்லாத 30 பேர் மூன்று ஆண்டுகள் அந்தப் பட்டியலில் இருந்திருக்கிறார்கள் என்று இதை நான் வாசிக்கிறேன். அடைபட்ட பெரிய தளம் ஒன்று முகவரியின் வாலை (.com போன்ற கடைசிப் பகுதியை) மட்டும் மாற்றிக்கொண்டு விரைவிலேயே திரும்பி வந்தது.

இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்த வேண்டும். வயது வந்தவர்களின் ஆபாசத்தை வயது வந்த ஒருவர் தன் வீட்டில் தனியாகப் பார்ப்பதைக் குற்றமாக்கும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. வெளியிடுவதும் பரப்புவதும்தான் 67, 67ஏ பிரிவுகளின்கீழ் வருகின்றன. அது எனக்கும் உங்களுக்கும் பிடிக்கிறதா என்பது வேறு கேள்வி. யாருக்கும் விலக்கில்லாத வடிகட்டி என்று கேட்கும்போது, பிள்ளையே இல்லாத வீட்டையும் சேர்த்துக் கட்டுகிறோம். அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு ஒழுக்கத்தைக் காரணமாகக் காட்டிக் கட்டுப்பாடு விதிக்க இடம் தருகிறது என்றாலும், அந்தக் கட்டுப்பாடு நியாயமானதாகவும் நோக்கத்துக்குத் தேவையான அளவுக்குள்ளும் இருக்க வேண்டும்.

வி.பி.என். பற்றி உங்கள் கணவர் சொல்வது சரியல்ல. நாடு தழுவிய தடை எதுவும் இல்லை. காஷ்மீரின் சில மாவட்டங்களில் வந்ததுபோல் அவ்வப்போது உள்ளூர் உத்தரவுகள் உண்டு, அவ்வளவுதான். 2022 ஏப்ரலில் வந்த மத்திய உத்தரவு, வாடிக்கையாளர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்கும்படி வி.பி.என். நிறுவனங்களிடம் சொன்னது. வங்கி ஊழியரும் வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தினமும் அதைப் பயன்படுத்துகிறார்கள். மகன் இலவச வி.பி.என். ஏதாவது வைத்திருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். இலவசமாகத் தருபவர்கள் பலர் பயனாளர் விவரத்தை விற்றே பிழைக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டுகிறார்களே

மனுவில் “ஆஸ்திரேலியாவில் செய்துவிட்டார்கள்” என்று ஒரு வரி இருப்பதாகச் சொன்னீர்கள். அங்கே நடந்தது வேறு, அது கொஞ்சம் விரிவாகவே தெரிய வேண்டிய கதை. 2007இல் அந்த அரசு 8.4 கோடி ஆஸ்திரேலிய டாலர் திட்டத்தில் வீடுகளுக்கு இலவச வடிகட்டி மென்பொருள் கொடுத்தது. மெல்போர்னில் ஒரு 16 வயது மாணவன் சுமார் அரை மணி நேரத்தில் அதைச் செயலிழக்கச் செய்து காட்டினான். அடுத்து வந்த அரசு, உங்கள் சங்கம் கேட்பதைப் போலவே, இணைய நிறுவனங்கள் எல்லாவற்றிலும் கட்டாய வடிகட்டி வைக்கப்போவதாக அறிவித்தது. தடைப்பட்டியல் ரகசியமாகவே இருக்கும் என்றார்கள். 2009 மார்ச்சில் பட்டியல் கசிந்தபோது, அதில் குயின்ஸ்லாந்தில் ஒரு பல் மருத்துவரின் தளமும் இருந்தது. ஐந்தாண்டு வாக்குவாதத்துக்குப் பிறகு 2012 நவம்பரில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, குழந்தைகள் மீதான வன்கொடுமைப் பதிவுகள் உள்ள தளங்களின் இன்டர்போல் பட்டியலை மட்டும் அடைப்பது என்று முடிவு செய்தார்கள். 2013இல் மோசடித் தளம் ஒன்றை அடைக்கப் போய், அதே எண் முகவரியில் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட தளங்களை அடைத்துவிட்டார்கள். மெல்போர்னில் இலவச வகுப்பு நடத்தும் அமைப்பு ஒன்றின் தளமும் அதில் சிக்கியது.

2025 டிசம்பர் 10 முதல் அங்கே நடைமுறையில் இருப்பது 16 வயதுக்கு உட்பட்டவர்களின் சமூக ஊடகக் கணக்குக்கான தடை. நியாயமான நடவடிக்கை எடுக்கத் தவறினால் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம் கட்ட வேண்டியது நிறுவனம்தான். பிள்ளைக்கும் பெற்றோருக்கும் தண்டனை இல்லை. அதை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். தளங்களை அடைக்கும் வடிகட்டியோடு அதைக் குழப்பக் கூடாது. பிரிட்டனிலும் 2013இல் வீட்டு இணைப்புகளுக்கு வடிகட்டி வந்தபோது, பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு உதவும் எடின்பரோ மையத்தின் தளத்தையே ஒரு வடிகட்டி ஆபாசம் என்று வகைப்படுத்தியிருந்தது. உதவி தேடும் பெண்ணுக்குத்தான் முதலில் கதவு மூடுகிறது என்பதை உங்கள் மகள் அனுபவித்தே சொல்லியிருக்கிறாள்.

ஆதார் கோரிக்கையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிள்ளையின் வயதை அறிய எல்லோருடைய அடையாள அட்டையையும் வாங்கினால், அந்தக் குவியல் ஒருநாள் வெளியே வரும். 2025 அக்டோபரில் அரட்டைச் செயலி நடத்தும் டிஸ்கார்ட் நிறுவனம், வயதுச் சரிபார்ப்பு தொடர்பாகப் பயனாளர்கள் கொடுத்த அரசு அடையாள அட்டைப் படங்களில் ஏறக்குறைய 70,000 பேருடையவை அதன் ஒப்பந்த நிறுவனம் வழியாகக் கசிந்திருக்கலாம் என்று அறிவித்தது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேறு வழியில் போகிறது: 18 வயதுக்கு உட்பட்டவரின் விவரத்தைக் கையாளும் முன் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும், பிள்ளைகளைப் பின்தொடர்ந்து கண்காணித்து விளம்பரம் காட்டக் கூடாது, மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள்.

மகனின் போனில் நீங்கள் செய்யக்கூடியது

வடிகட்டியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 14 வயதுப் பையனின் போனில், அவனுடைய அம்மா, அவனுக்குத் தெரிந்தே வைக்கும் வடிகட்டி முழுக்க நியாயமானது. ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘ப்ரைவேட் டி.என்.எஸ்.’ என்று ஓர் இடம் இருக்கும். கிளவுட்ஃபிளேர், கிளீன்பிரவுசிங் போன்றவை இலவசமாகத் தரும் குடும்ப வடிகட்டியின் பெயரை அங்கே எழுதிவிட்டால், வைஃபையில் இருந்தாலும் சிம் டேட்டாவில் இருந்தாலும் அது அந்தப் போனோடு கூடவே போகும். கூகுளின் ஃபேமிலி லிங்க் வழியாகப் புதிய செயலிகளுக்கு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்றும், இரவு இத்தனை மணிக்குப் போன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றும் வைக்கலாம். கடையில் இருந்தபடியே உங்கள் போனில் பார்க்கலாம். வாட்ஸ்அப்பில் இரண்டு மாற்றங்கள் கட்டாயம்: தெரியாதவர்கள் அவனைக் குழுவில் சேர்க்க முடியாதபடி ‘மை கான்டாக்ட்ஸ்’ என்று வையுங்கள், படமும் வீடியோவும் தானாகப் பதிவிறங்குவதை நிறுத்துங்கள். கேட்காமல் வந்தது போனில் சேமிப்பாகாமல் இருக்க இந்த இரண்டாவது மாற்றம், நான் மேலே சொன்ன சட்டப் பிரிவுகளை எண்ணிப் பார்த்தால், மிக முக்கியம்.

புத்திசாலிப் பையன் இவற்றையும் மாற்றிவிடுவான். ஆகவே எதைப் போட்டாலும் அவனிடம் சொல்லிவிட்டே போடுங்கள், இன்னொரு முறை இப்படி ஏதாவது வந்தால் போனைப் பிடுங்க மாட்டேன் என்றும் சொல்லுங்கள். அடுத்த முறை அவனே உங்களிடம் வந்து சொல்வானா என்பதுதான் எனக்கு எல்லா வடிகட்டியையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. அவன் இன்னும் கலங்கிப்போய் இருந்தால், பள்ளிக் கல்வித் துறையின் 14417, குழந்தைகளுக்கான 1098 ஆகிய எண்களில் பேசலாம்.

மகளின் போன்

அவளுக்குத் தெரியாமல் கண்காணிப்புச் செயலி வேண்டாம். இன்னும் சில மாதத்தில் அவளுக்கு 18 வயது நிறைகிறது என்கிறீர்கள். அதன் பிறகு அனுமதியில்லாமல் அவளுடைய செய்திகளை எடுத்துப் படிப்பது சட்டப்படியே உங்களைச் சிக்கலில் கொண்டுபோய் விடலாம். அதற்கு முன்பும், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமை என்று அறிவித்த அந்தரங்கம், பதினெட்டாம் பிறந்தநாளன்று மட்டும் திடீரென்று பிறப்பதில்லை. விடுதியில் போன் கட்டுப்பாட்டை எதிர்த்ததற்காக வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில், இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இத்தகைய உளவுச் செயலிகள் எடுக்கும் படமும் செய்தியும் யாரோ ஒருவருடைய சர்வரில் போய்ச் சேருகின்றன என்பதையும் கணக்கில் வையுங்கள். அவள் தேடியது தன் உடம்பைப் பற்றி. அதைத் தேட வேண்டிய நிலையில் இருக்கிறாள் என்பதே உங்களுக்கான செய்தி. இந்த வார விடுமுறையில் அவளை ஒரு மகளிர் நல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

சங்கத்துக்கு என்ன பதில் சொல்வது

செயலாளரை எதிரியாக நினைக்க வேண்டியதில்லை. இரவு ஒன்பதரைக்கு வீடு வரும் தாயிடம், செட்டிங்ஸில் இதை மாற்று, அதை மாற்று என்று ஆங்கிலத்தில் இருக்கும் திரையைக் காட்டிவிட்டு எல்லாம் பெற்றோர் பொறுப்பு என்று சொல்வது, வசதி உள்ளவர்கள் சொல்லும் பேச்சு. அந்த விஷயத்தில் நான் அவர் பக்கம்தான். ஆகவே கையெழுத்து மறுப்பதோடு நிற்காமல், மனுவை மாற்றி எழுதச் சொல்லுங்கள். இணைப்பு கொடுக்கும் ஒவ்வொரு நிறுவனமும், சந்தாதாரர் கேட்டால், பிள்ளைகளுக்கான வடிகட்டியை இலவசமாகத் தர வேண்டும். அதன் கடவுச்சொல் சந்தாதாரரிடம் இருக்க வேண்டும், வேண்டாம் என்றால் அவரே அணைக்கலாம். அமைப்புகள் தமிழில் இருக்க வேண்டும். தடுத்த பக்கத்தில் யார் தடுத்தார்கள், தவறென்றால் எங்கே முறையிடுவது என்று எழுதியிருக்க வேண்டும். குழந்தைகள் மீதான வன்கொடுமைப் பதிவுகளின் தடைப்பட்டியலை மட்டும் எல்லோருக்கும் கட்டாயமாக்கி, அதை ஒரு நீதித்துறை அதிகாரி அவ்வப்போது சரிபார்க்க வேண்டும். இணைய நிறுவனங்கள் பெற்றோருக்கு இத்தகைய வசதி தர வேண்டும் என்று கேட்ட பொதுநல வழக்கு ஒன்றில்தான், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2025 டிசம்பரில், ஆஸ்திரேலியாவைப் போன்ற சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றும், அதுவரை விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்த வேண்டும் என்றும் சொன்னது. உங்கள் மனுவில் அதைச் சுட்டிக்காட்டலாம்.

கேபிள்காரர் விஷயம் தனி. அவர் ஏதோ ஒரு உரிமம் பெற்ற நிறுவனத்தின் முகவராகத்தான் இருப்பார். எல்லாத் தளங்களையும் பாகுபாடின்றி நடத்த வேண்டும் என்னும் இணையச் சமநிலை நெறிகள் 2018இல் உரிம நிபந்தனைகளில் சேர்க்கப்பட்டுவிட்டதால், சட்டப்பூர்வ உத்தரவு இல்லாமல் தன் விருப்பத்திலோ சங்கத்தின் விருப்பத்திலோ சந்தாதாரர்களுக்குத் தளங்களை அடைக்க அவருக்கு அதிகாரமில்லை. உங்கள் இணைப்பிலும் எதிர் வீட்டுப் பெண்ணின் இணைப்பிலும் வடிகட்டியை நீக்கும்படி, சந்தாதாரர் எண்ணைக் குறிப்பிட்டு, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள், வாய்ப்பேச்சாக வேண்டாம். அவர் அசையாவிட்டால், பில்லில் இருக்கும் நிறுவனத்தின் புகார் மைய எண்ணில் பதிவு செய்து புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்; அதற்கும் பலனில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் இலவசமாக முறையிடலாம். வடிகட்டி வேண்டும் என்று விரும்பும் வீடுகள் தங்கள் இணைப்புக்கு மட்டும் எழுதிக் கொடுத்து வைத்துக்கொள்ளட்டும். அதை அவர் மறுக்கக் காரணமில்லை.